எரியாத மேசைவிளக்கு



தேர்வு நெருங்கும் நாள்களில் ஒரு மாணவனுக்குப் புத்தகத்திற்கு அடுத்தபடியாக வேண்டுவது விளக்கு. விளக்குக் கெட்டால் அன்றைய மாலைப் படிப்பும் கெடுகிறது. கெட்ட விளக்கை என்ன செய்வது என்று வீட்டில் கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கும். 'தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு' என்பது ஒன்று; 'இரண்டு தட்டுத் தட்டிப் பார்' என்பது மற்றொன்று. முன்னதில் பணம் வீணாகிறது. பின்னதில் அறிவுக்கு வேலையே இல்லை. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. விளக்கு ஏன் எரியவில்லை என்று வரிசையாகக் கேட்டுச் செல்வதே அவ்வழி. அதனை இன்று உங்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது சிறிய டியூப் லைட் பொருத்திய மேசைவிளக்கு. அதனைக் குழல் விளக்கு என்றே இனி வழங்குவோம். இன்று கடைகளில் எல்.இ.டி. விளக்குகளே மிகுதி என்பதை நான் அறிவேன். ஆயினும் அண்ணனுக்கோ அக்காளுக்கோ என்றோ வாங்கிய பழைய குழல் விளக்குத் தம்பியின் மேசைமேல் இருந்து இன்றும் பணிபுரியும் வீடுகள் பல உண்டு. மேலும், ஆராய்ச்சி பழகுவதற்குக் குழல் விளக்கைப்போல் எளிய கருவி வீட்டில் கிடைப்பது அரிது. அதன் உறுப்புகள் சிலவே; ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு; ஒன்று பழுதுபட்டால் அது தனக்கென்று ஓர் அடையாளத்தைக் காட்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு மின்சாரம் அயலார் பொருள் அன்று. 1895-ஆம் ஆண்டு பென்னிகுவிக் என்னும் பொறியாளர் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பி நம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அந்நீரின் வீழ்ச்சியைக் கொண்டு, கூடலூருக்கு மேற்கே லோயர் கேம்ப்பில் 1958 முதல் மின்சாரம் எடுத்து வருகிறார்கள். மலையுச்சியிலிருந்து பெருங்குழாய்களில் இறங்கும் நீர் அங்கே சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, அதன்பின் வயலுக்குப் பாய்கிறது. அந்தப் பெருங்குழாய்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழல் விளக்கைப் புரிந்துகொள்ள அவை நமக்கு உதவும்.

குழல் விளக்கு எவ்வாறு எரிகிறது என்பதை முதலில் காண்போம். கண்ணாடிக் குழலின் இரு முனைகளிலும் மெல்லிய டங்ஸ்டன் இழைச்சுருள் ஒவ்வொன்று உண்டு. குழலுக்குள் காற்று இல்லை. சிறிதளவு ஆர்கான் போன்ற வாயுவும், மிகச் சிறிதளவு பாதரசமும் இருக்கின்றன. இழை சூடேறும்போது அதன்மேல் பூசிய பொருளிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவை குழலினூடே விரைந்து பாதரச ஆவியின் அணுக்களை மோதுகின்றன. மோதுண்ட அணுக்கள் புற ஊதாக் கதிர்களை வீசுகின்றன. அக்கதிர்கள் நம் கண்ணுக்குப் புலப்படா. குழலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும் பூச்சு அவற்றை ஏற்றுக்கொண்டு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக மாற்றித் தருகிறது. நாம் காண்பது மின்சாரத்தின் ஒளி என்பதைவிடப் பூச்சின் ஒளி என்பதே பொருந்தும். இத்தகைய விளக்குகள் 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

குழலுக்கு இரண்டு துணைகள் வேண்டும். ஒன்று 'சோக்'; மற்றொன்று 'ஸ்டார்ட்டர்'. மேசைவிளக்கைக் கையில் எடுத்தால் அதன் அடிப்பாகம் கனமாக இருக்கிறதன்றோ? அங்கே இருப்பதுதான் சோக். இரும்புத் தகடுகளின்மேல் செம்புக் கம்பியைப் பல சுற்றுச் சுற்றிய சுருள் அது. விரல் நுனியளவு பருமனுள்ள சிறு உருளையாக, சற்றுத் திருகினால் கழன்று வருவது ஸ்டார்ட்டர்.

சோக் எதற்கு? குழலுக்குள் மின்சாரம் ஒருமுறை பாயத் தொடங்கிவிட்டால், பாயப் பாய அதற்கு வழி எளிதாகிக்கொண்டே போகும். தடுப்பார் இல்லையேல் மின்னோட்டம் அளவு கடந்து பெருகிக் குழல் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். மலையிலிருந்து இறங்கும் நீருக்கு வால்வு எப்படியோ, குழலில் பாயும் மின்சாரத்திற்குச் சோக் அப்படி.

சோக்கிற்கு இன்னொரு வேலையும் உண்டு. தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றுவிட்டால், குழாயில் 'தடால்' என்று ஓர் அதிர்ச்சி ஏற்படுவதைத் திராட்சைத் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டிருப்பீர்கள். ஓடிக்கொண்டிருந்த நீர் சட்டென்று நிறுத்தப்பட்டதால் எழுந்த அழுத்தம் அது. சோக்கில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தாலும் அவ்வாறே மின்னழுத்தம் பல நூறு வோல்ட்டுக்கு ஒரு கணம் துள்ளி எழும். அந்தத் துள்ளலே குழலைப் பற்ற வைக்கிறது.

துண்டிக்கும் வேலையைச் செய்வது ஸ்டார்ட்டர். அதனுள் ஒரு சிறு கண்ணாடிக் குமிழும், அதற்குள் சூடேறினால் வளையும் உலோகத் தகடும் உள்ளன. சுவிட்சைப் போட்டதும் குமிழில் மங்கிய ஒளி தோன்றித் தகடு சூடேறுகிறது. வளைந்து எதிர்முனையைத் தொடுகிறது. உடனே மின்சாரம் இரண்டு இழைகளின் வழியாகவும் ஓடி அவற்றைச் சூடாக்குகிறது. தொட்டுக்கொண்ட தகட்டில் ஒளி அணைவதால் அது குளிர்ந்து விலகுகிறது. விலகும் கணத்தில் சோக் உதைக்கிறது, குழல் எரிகிறது. எரிந்தபின் ஸ்டார்ட்டருக்கு வேலை இல்லை.

இனிப் பழுதுக்கு வருவோம். விளக்கைத் தொடுமுன் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். பிளக்கையே சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு முனைப் பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம். ஒரு விதமாகச் செருகும்போது, மேசைவிளக்கின் சுவிட்சு மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியை மட்டுமே துண்டிக்கும்; மின்சாரம் வரும் கம்பியோ விளக்கினுள் உயிரோடு இருக்கும். விளக்கு அணைந்திருக்கிறது என்பதனால் அதில் மின்சாரம் இல்லை என்று ஆகாது. 230 வோல்ட் உயிரைப் பறிக்க வல்லது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் இவ்வேலையில் இறங்கலாகாது. அடிப்பாகத்தைத் திருகாணி கழற்றித் திறக்கும் வேலை உங்களுடையது அன்று, அது மின்பணியாளருடையது. நீங்கள் செய்ய வேண்டியது பார்ப்பதும், கேட்பதும், கையால் கழற்றத்தக்கதை மாற்றுவதும் மட்டுமே.

முதல் வினா: விளக்குக்கு மின்சாரம் வருகிறதா? அதே பிளக் துளையில் நன்றாக வேலை செய்யும் வேறொரு பொருளைச் செருகிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிடில் குற்றம் சுவரில் இருக்கிறது. விளக்கைக் குறை கூற வேண்டா. மின்சாரம் வருகிறதென்றால், பிளக்கைக் கழற்றிய நிலையில் வயரைக் கவனியுங்கள். பிளக்கை விட்டு வெளிவரும் இடத்திலும், விளக்கின் அடியில் நுழையும் இடத்திலும் வயர் அடிக்கடி மடங்குகிறது. மேலுறை முழுமையாக இருக்க உள்ளே கம்பி அறுந்திருக்கும். மேலுறை வெடித்திருந்தாலோ, அவ்விடம் கருகியிருந்தாலோ சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம் வினா: குழல் தன் இடத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா? குழல் ஆறிய பின் மெல்லத் திருப்பிக் கழற்றுங்கள். முனைகளில் உள்ள பித்தளைக் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, மீண்டும் பொருத்துங்கள். ஸ்டார்ட்டரையும் அவ்வாறே ஒருமுறை கழற்றிப் பொருத்துங்கள். தூசியாலும் தளர்ச்சியாலும் நேரும் பழுதுகள் இந்த அளவிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாம் வினா: விளக்கு காட்டும் அடையாளம் யாது? இப்போது பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடம் பாருங்கள்.

குழலின் இரு முனைகள் மட்டும் செம்மையாக ஒளிர்ந்து, நடுப்பகுதி எரியாமல் நின்றால், இழைகளின் வழியே மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். எனவே வயர், சோக், இழைகள் ஆகியவற்றில் பாதை அறுபடவில்லை. தொட்ட தகடு விலகவில்லை. ஆதலின் ஐயம் ஸ்டார்ட்டரின்மேல் விழுகிறது.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முனைகளில் கருமை படர்ந்திருந்தால் குழல் முதுமை அடைந்துவிட்டது. இழையின் பூச்சுத் தேய்ந்து கண்ணாடியில் படிந்ததே அக்கருமை. கருமை இல்லையேல் ஸ்டார்ட்டரை ஐயுறலாம். வீட்டின் மற்ற விளக்குகளும் மங்கி, மின்விசிறியும் மெதுவாகச் சுழன்றால், மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. விளக்கின்மேல் குற்றம் இல்லை.

எந்த அசைவும் இல்லையென்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. குழலின் இழை, ஸ்டார்ட்டர், சோக், சுவிட்சு ஆகிய நான்கில் ஒன்று. பள்ளி ஆய்வகத்தில் மல்டிமீட்டர் இருந்தால், கழற்றிய குழலை ஆசிரியர் முன்னிலையில் சோதிக்கலாம். ஒரு முனையின் இரண்டு கம்பிகளுக்கு இடையே சில ஓம் தடை காட்டினால் இழை முழுமையாக உள்ளது. எதுவும் காட்டாவிடில் இழை அறுந்தது.

விளக்கு எரிந்துகொண்டே 'ரீங்' என்று ஒலித்தால், சோக்கின் இரும்புத் தகடுகள் தளர்ந்து அதிர்கின்றன. மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவதால், தகடுகள் நொடிக்கு 100 முறை இழுபடுகின்றன. இது தொல்லையே அன்றி ஆபத்து அன்று. ஆனால் கருகிய வாடை வந்தாலோ, அடிப்பாகம் தொட இயலாதபடி கொதித்தாலோ, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த விளக்கை மின்பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

ஸ்டார்ட்டர் தனியே காணப்படாத மேசைவிளக்குகளும் உண்டு. வளைந்த குழலின் அடியில் இரண்டு கம்பிகள் மட்டும் இருந்தால், ஸ்டார்ட்டர் குழலின் அடிப்பகுதிக்குள்ளேயே இருக்கிறது. குழலை மாற்றினால் இரண்டும் மாறிவிடும். நான்கு கம்பிகள் இருந்தால் பெரும்பாலும் மின்னணுச் சோக் பொருத்தியது. அதனுள் இருக்கும் மின்தேக்கி, பிளக்கைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைத் திறக்கவே கூடாது.

நான்காவதாக வருவது மாற்றிப் பார்த்தல். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். உத்தமபாளையத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த மாணவன் ஒருவன் ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, என் விளக்கை நானே சரிசெய்துவிட்டேன்" என்றான்.

"என்ன செய்தாய், தம்பி?" என்று கேட்டேன்.

"குழலையும் ஸ்டார்ட்டரையும் புதிதாக வாங்கிப் போட்டேன், ஐயா. எரிகிறது."

"இரண்டில் எது கெட்டிருந்தது?"

அவனுக்கு விடை தெரியவில்லை. பழைய ஸ்டார்ட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அதை மீண்டும் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் வந்து, "குழல் புதிதாக இருந்தும் முனைகள் மட்டுமே ஒளிர்கின்றன, ஐயா" என்றான். கெட்டது ஸ்டார்ட்டர் என்பது விளங்கிற்று. "பழைய குழலில் கருமை படர்ந்திருந்ததா?" என்றேன். இல்லை என்றான். அக்குழலைப் போட்டுச் சோதிக்கலாம் என்றால், அது முன்பே தெருக்கோடிக் குப்பைமேட்டில் எறியப்பட்டு உடைந்துபோயிருந்தது. குழலின் விலையோடு ஒப்பிட்டால் ஸ்டார்ட்டரின் விலை மிகச் சிறிது. நல்ல குழல் ஒன்று வீணாயிற்று.

அவன் செய்த வேலை விளக்கை எரிய வைத்தது. ஆனால் அவனுக்கு எதையும் கற்பிக்கவில்லை. இரண்டை ஒருங்கே மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல இயலாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை இருந்தபடியே இருக்க வேண்டும். மாற்றிப் பயன் இல்லையேல் பழையதைத் திரும்பப் பொருத்திவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். விலை குறைந்ததையும் எளிதில் கழல்வதையும் முதலில் மாற்ற வேண்டும்; ஆகவே ஸ்டார்ட்டர் முன், குழல் பின். உங்கள் ஆய்வகத்தில் ஊசலின் நீளத்தை மாற்றும்போது வீச்சை மாற்றாமல் வைப்பதும் இந்த விதியினாலேதான். மருத்துவர் ஒருவர் நோயின் காரணத்தைத் தேடுவதும் இவ்வாறே.

இந்த விதிக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுவிட்சைப் போட்டவுடன் குழல் கண்ணைப் பறிக்கும் வண்ணம் ஒருமுறை பளிச்சிட்டு அணைந்துவிட்டால், மற்றொரு நல்ல குழலைப் பொருத்திச் சோதிக்காதீர்கள். சோக்கின் சுருள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டி, மின்சாரத்தைத் தடுக்கும் ஆற்றலை இழந்திருக்கலாம். அவ்வாறாயின் நீங்கள் பொருத்தும் இரண்டாவது குழலும் அதே கணத்தில் அழியும். நல்ல பொருளைக் கொண்டு சோதிக்குமுன், சோதனையால் அது கெடுமா என்று எண்ணிப் பார்ப்பதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே.

அந்த மாணவனின் குழல் குப்பைமேட்டில் உடைந்தது என்றேன். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு குழலில் உள்ள பாதரசம் சில மில்லிகிராமே. ஆனால் பாதரசம் மக்கிப்போவதில்லை; காற்றிலும் நீரிலும் கலந்து, மீனின் உடலில் சேர்ந்து, மனிதனிடம் திரும்பி வருகிறது. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், ஆலைக் கழிவில் கலந்த பாதரசத்தால் மக்கள் நரம்பு நோயுற்றது 1956-ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அது தொலைவில் உள்ள ஊர் என்று நாம் இருந்துவிட முடியாது. நமக்கு வடக்கே, பெரியகுளத்திற்கு மேலே எழும் கொடைக்கானல் மலையில், பாதரச வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 2001-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் அவ்வூரின் பழைய பொருள் கடை ஒன்றில் பல டன் அளவில் கண்டுபிடிக்கப்பட்டன. அதன்மேல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அது இருந்த இடத்தின் கீழே பாம்பாற்றுச் சோலை. அச்சோலையின் நீர் மலையிறங்கிக் கும்பக்கரை வழியாக நம் சமவெளிக்கு வருவது.

பாதரசக் கேட்டைத் தடுக்க உலக நாடுகள் 2013-ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, அதற்கு மினமாட்டாவின் பெயரையே இட்டன. இந்தியா 2018-இல் அதனை ஏற்றது. குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-ஆம் ஆண்டோடு நிறுத்துவது என்று அந்நாடுகள் 2023-இல் முடிவு செய்தன. எனவே உங்கள் மேசையில் இருப்பது குழல் விளக்குகளின் கடைசித் தலைமுறை. அவற்றை இயன்றவரை பயன்படுத்தி, முடிந்தபின் முறையாக விடைகொடுத்து அனுப்புவது உங்கள் தலைமுறையின் பொறுப்பு.

குழல் உடைந்துவிட்டால் அஞ்ச வேண்டா, அவசரமும் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னல்களைத் திறந்துவிட்டு, சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியேறுங்கள். கால் மணி நேரம் கழித்து உள்ளே சென்று, துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டியான அட்டை இரண்டால் துண்டுகளை அள்ளுங்கள். பொடியை ஈரத் தாளால் ஒற்றி எடுங்கள். அனைத்தையும் மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் இட்டு இறுக மூடுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உடையாமல் ஆயுள் முடிந்த குழலைப் புதுக்குழல் வந்த அட்டை உறைக்குள் இட்டு, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் சேர்க்க வேண்டும். இத்தகைய குழல்களை மின்னணுக் கழிவாகவே 2016-ஆம் ஆண்டின் விதிகள் கருதின. உங்கள் ஊரில் அத்தகைய இடம் இல்லையேல், பள்ளியில் ஒரு பெட்டி வைத்துச் சேர்த்து, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டு ஒப்படைக்கும்படி உங்கள் ஆசிரியரிடம் வேண்டுங்கள். பத்துப் பேர் கேட்டால் வழி பிறக்கும்.

இறுதியாக ஒன்று. அடுத்த முறை வீட்டில் ஏதேனும் ஒரு பொருள் பழுதுபட்டால், கையை நீட்டுமுன் ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதற்பத்தியில் நீங்கள் கண்டதை எழுதுங்கள். இரண்டாவதில் எதன்மேல் ஐயம், ஏன் என்று எழுதுங்கள். மூன்றாவதில் மாற்றிய ஒன்றையும் அதனால் விளைந்ததையும் எழுதுங்கள். வினாவின் வரிசையைக் குலைக்காதீர்கள். பழுது உங்கள் கைக்கு அடங்காமல் மின்பணியாளரை அழைக்க நேர்ந்தாலும், அந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள். எங்கே தொடங்க வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கும். அவர் சரிசெய்து முடித்தபின் எது கெட்டிருந்தது என்று கேட்டு, அதையும் அத்தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.